காண்டோவில் நாய்: 25 பவுண்டு விதியும் ஒரு சிகிச்சையாளரின் கடிதமும்

வைகைக்கரை – திங்கள், இரவு 9:40

ஃபுளோரிடாவில் தம்பா அருகே உள்ள ஒரு காண்டோ குடியிருப்பில் (ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான அடுக்ககம்) நிர்வாகக் குழுச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் விதிப்படி வீட்டுக்கு ஒரு பிராணிதான். அதுவும் 25 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும் ஒரு பெண் உரிமையாளர், 60 பவுண்டு எடையுள்ள லேப்ரடார் ஒன்றை உணர்வுத் துணைப் பிராணியாக (மனநலக் குறை உள்ளவருக்கு ஆறுதலாக உடனிருக்கும் விலங்கு) வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார். கூடவே அவருடைய சிகிச்சையாளர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இருக்கிறது.

குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் கேட்க வேண்டும், 500 டாலர் முன்பணம் வாங்க வேண்டும், பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறார் தலைவர். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துக் காட்டாமல் அவரை அசைக்க முடியாது.

இதே வாரத்தில் இன்னொன்றும் வந்திருக்கிறது. முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் ஒருவர், தன்னுடையதும் துணைப் பிராணிதான் என்று, இணையத்தில் வாங்கிய வண்ணச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அதை என்ன செய்வது? வியாழக்கிழமை கூட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்றல் – திங்கள், இரவு 10:05

என் மகனுக்கு நாய் முடி ஒவ்வாது. மூச்சுத் திணறி நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறோம். அதனாலேயே நாய் கூடாது என்ற விதி உள்ள இடமாகத் தேடிப் பிடித்து வாங்கினோம். விதியைப் படித்துப் பார்த்துத்தானே எல்லாரும் கையெழுத்திட்டோம்? ஒருவர் கடிதம் கொண்டுவந்தால் விதி காற்றில் போய்விடுமா? எங்களைப் போன்றவர்களின் பக்கமும் யாராவது யோசிக்க வேண்டும்.

சட்டப்பார்வை – செவ்வாய், காலை 7:20

வைகைக்கரை அவர்களே, வீட்டுவசதிப் பாகுபாட்டு வழக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. முடிவெடுக்குமுன் உங்கள் சங்க வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் தலைவர் சொன்ன மூன்றும் ஆபத்தானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த விண்ணப்பத்தைப் பிராணி விதியின் கீழ் வைத்துப் பார்ப்பதை முதலில் நிறுத்த வேண்டும். வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்க 1968இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதன் பாதுகாப்பு கிடைத்தது. ஒருவர் தம் வீட்டைப் பிறரைப் போலவே பயன்படுத்தி வாழ, விதியில் நியாயமான ஒரு விலக்கு தேவையென்றால் அதை மறுப்பதே பாகுபாடு என்கிறது அந்தத் திருத்தம். வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் மட்டுமல்ல, காண்டோ சங்கங்களும் வீட்டு உரிமையாளர் சங்கங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. உங்கள் 25 பவுண்டு விதி செல்லப்பிராணிகளுக்கு அப்படியே நிற்கும். இந்தப் பெண்மணி கேட்பது அந்த விதியிலிருந்து ஒரு விலக்கு.

குழு பார்க்க வேண்டியவை இரண்டு. அவருக்குச் சட்டம் சொல்லும் வகையிலான உடல்நலக் குறை அல்லது மனநலக் குறை இருக்கிறதா? அந்தக் குறைக்கும் இந்தப் பிராணிக்கும் தொடர்பு இருக்கிறதா? குறை வெளிப்படையாகத் தெரியாதபோது நம்பத்தகுந்த ஆவணம் கேட்கலாம். அவரை நேரில் அறிந்து சிகிச்சை தருபவரின் கடிதம் அதற்குப் போதும். நோயின் பெயர், தீவிரம், மருந்துப் பட்டியல், மருத்துவக் குறிப்புகள் எதையும் கேட்கக் கூடாது. ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தின் 760.27ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. குறிப்பிட்ட படிவத்தில்தான் தர வேண்டும் என்றோ, நோட்டரி முத்திரை வேண்டும் என்றோ கட்டாயப்படுத்தவும் முடியாது. முன்பணமும் கட்டணமும் வாங்கக் கூடாது. நாய் கதவைப் பிறாண்டிச் சேதப்படுத்தினால் சேதத்துக்கான செலவை அவரிடமிருந்து பெறலாம், அவ்வளவுதான். வாக்கெடுப்புக்கு இங்கே இடமே இல்லை. ஒருவருடைய சட்ட உரிமையை அண்டை வீட்டார் கை தூக்கி முடிவு செய்ய முடியாது.

உங்கள் தலைவருக்கு ஒரு வழக்கைச் சொல்லுங்கள். ஃபுளோரிடாவிலேயே அல்டமான்டே ஹைட்ஸ் காண்டோமினியம் சங்கத்தில் நடந்தது. அங்கும் இதே 25 பவுண்டு விதிதான். ராணுவப் பணிக்காலத்தில் நேர்ந்த அதிர்ச்சியின் பின்விளைவுகளால் துன்பப்பட்ட முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர், எடை கூடிய நாய் ஒன்றை வைத்திருந்தார். மனநல மருத்துவரிடமிருந்து கடிதங்கள் கொடுத்தார். சங்கம் மறுப்பு என்று நேரடியாகச் சொல்லவில்லை. மருந்து என்ன, எத்தனை முறை சிகிச்சை, இன்னும் விவரம் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படி இழுத்தடித்ததே மறுப்புக்குச் சமம் என்று நீதிமன்றம் கொண்டது. ஜூரி கொடுக்கச் சொன்ன இழப்பீடு 5,000 டாலர். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கட்டணமாகச் சங்கத்தின் தலையில் விழுந்தது 1,27,512 டாலர். 2014இல் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பணம் எல்லா வீட்டுக்காரர்களின் மாதக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை – செவ்வாய், காலை 11:50

கலிபோர்னியாவில் எங்கள் சங்கத்தின் பொருளாளர் நான். சட்டப்பார்வை சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் போலிக் கடிதங்கள் எங்களை எந்த நிலைக்குத் தள்ளியிருக்கின்றன என்பதையும் பேச வேண்டும்.

என் கைக்கு வந்த ஒரு சான்றிதழைச் சொல்கிறேன். தடித்த தாள், ஓரத்தில் பொன்னிற முத்திரை, நடுவில் நாயின் படம், அதன் கீழே பன்னிரண்டு இலக்கப் 'பதிவு எண்'. நாயின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த மருத்துவர் பார்த்தார், அவருடைய உரிம எண் என்ன, யாருக்கு என்ன தேவை என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கடன் அட்டை எண்ணைக் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் பொருள் அது. அமெரிக்காவில் உதவி நாய்களுக்கோ துணைப் பிராணிகளுக்கோ அரசு நடத்தும் தேசியப் பதிவேடே கிடையாது. நாய்க்கு மாட்டும் சிவப்பு மேலங்கிக்கும் அடையாள அட்டைக்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

இதைத் தடுக்கத்தான் கலிபோர்னியா 2022 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. உணர்வுத் துணை நாய்க்குக் கடிதம் எழுதும் மருத்துவர், அதற்கு முன் குறைந்தது 30 நாள்களாவது அந்த நபருக்குச் சிகிச்சை அளித்துவந்திருக்க வேண்டும். நல்ல சட்டம். எல்லா மாநிலங்களிலும் இப்படி இருந்தால் நிம்மதி.

தென்றலுக்கு ஒன்று. விதியைப் படித்துத்தானே கையெழுத்திட்டோம் என்ற உங்கள் வாதம் பலமானதுதான். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994இல் லேக்சைடு வில்லேஜ் வழக்கில் இதைத்தான் சொன்னது. 530 வீடுகள் கொண்ட குடியிருப்பில் மூன்று பூனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஒருவர், யாருக்கும் தொல்லையில்லையே என்று வாதிட்டும் தோற்றார். பதிவு செய்யப்பட்ட ஆவணத்தில் உள்ள தடை எல்லாருக்கும் பொது என்றது நீதிமன்றம். ஆனால் அதன் பிறகு மாநிலச் சட்டமன்றமே குறுக்கிட்டது. 2001 ஜனவரி முதல் இயற்றப்படும் அல்லது திருத்தப்படும் சங்க விதிகள், உரிமையாளர் குறைந்தது ஒரு செல்லப்பிராணியையாவது வைத்துக்கொள்வதைத் தடுக்க முடியாது என்று சட்டம் வந்தது. அந்தப் பிராணிக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஆக, கையெழுத்திட்ட விதிக்கு மேலேயும் சட்டம் உண்டு.

குயின்ஸ்வாசி – செவ்வாய், பிற்பகல் 1:15

நியூயார்க் நகரில் இன்னொரு கணக்கு. நாயை ஒளிக்காமல் வெளிப்படையாக மூன்று மாதம் வைத்திருந்து, கட்டட நிர்வாகம் தெரிந்தும் அதற்குள் வழக்குத் தொடராமல் இருந்தால், 'நாய் கூடாது' என்ற விதியை அந்த நாயின் மீது காட்ட முடியாது. 1983இல் வந்த நகரச் சட்டம். இது செல்லப்பிராணி பற்றியது. துணைப் பிராணிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஃபுளோரிடாவுக்குப் பொருந்தாது என்றாலும் இங்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மரகதம் – செவ்வாய், இரவு 8:30

போலிக் கடிதம் போலிக் கடிதம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். உண்மையான கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவரின் நிலையை யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

என் மகளுக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் பீதி நோய் வந்தது. கூட்டத்தில் நின்றால் கை விறைத்துவிடும், பேச்சு வராது. மின்தூக்கியின் கதவு மூடும் சத்தத்துக்கே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மருந்து, ஆலோசனை எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சிகிச்சையாளர்தான் நாயைப் பற்றிச் சொன்னார். இப்போது அவளுக்கு மூச்சு வேகமாகும்போது, அது எழுந்து வந்து தன் முழு எடையையும் அவள் மடியில் சாய்த்துப் படுத்துக்கொள்கிறது. அவள் அதன் கழுத்து ரோமத்துக்குள் விரல்களை விட்டுக்கொண்டு அதன் மூச்சோடு தன் மூச்சைச் சேர்ப்பாள். 10 பவுண்டு நாயால் அது முடியாது. எடைதான் அங்கே வேலை செய்கிறது. வைகைக்கரை தம்பி, உங்கள் மூன்றாம் மாடிப் பெண்மணிக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கலாம். அதை அவர் உங்கள் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்க வேண்டிய அவசியமில்லை.

நம் குடும்பங்களில் இதை வெளியே சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 'பெண்ணுக்கு ஏதோ மனக்கோளாறாம்' என்ற ஒரு பேச்சு போதும், நவராத்திரிக் கொலுவுக்கு வருகிற பத்து வீட்டிலும் அதுவே பேச்சாகிவிடும். கல்யாணப் பேச்சுவரை அது துரத்தும். அந்தப் பயத்தோடுதான் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தோம். மறுவாரம் குழுக் கூட்டத்தில் ஒருவர் அதைப் பிரித்து உரக்கப் படித்தார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். மகள் அதன் பிறகு இரண்டு மாதம் நீச்சல் குளத்தின் பக்கமே போகவில்லை.

அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த மாலை நடந்ததை யாரும் திருப்பி எடுக்க முடியாது. வியாழக்கிழமை நீங்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும், அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து எல்லாரிடமும் சுற்றுக்கு விடாதீர்கள்.

சட்டப்பார்வை – செவ்வாய், இரவு 9:10

மரகதம் அம்மா, இதை எழுதியதற்கு நன்றி. வைகைக்கரை, இது சட்டமும்கூட. ஃபுளோரிடா காண்டோ சட்டத்தின் 718ஆம் அத்தியாயப்படி, சங்கத்தின் பெரும்பாலான ஆவணங்களை எந்த உரிமையாளரும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உரிமையாளர்களின் மருத்துவ ஆவணங்கள் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவை. தனிக் கோப்பில் வையுங்கள். செயலாளரோ மேலாளரோ ஒருவர் மட்டும் கையாளட்டும். கூட்டக் குறிப்பில் 'நியாயமான விலக்குக் கோரிக்கை ஒன்று பரிசீலிக்கப்பட்டது' என்ற அளவில் நிறுத்துங்கள். வீட்டு எண்கூட வேண்டாம்.

தென்றல் – புதன், காலை 6:45

மரகதம் அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் கோபம் அடங்கிவிட்டது. ஆனால் என் கேள்வி அடங்கவில்லை. என் மகனுக்கு மூச்சுத் திணறல் வருவதும் உண்மைதானே. அவனுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

சட்டப்பார்வை – புதன், காலை 8:00

நியாயமான கேள்வி. ஒவ்வாமை இருக்கிறது என்பதற்காக இன்னொருவரின் துணைப் பிராணியை மறுக்க முடியாது. ஆனால் ஆஸ்துமா கடுமையாக இருந்தால் அதுவும் சட்டம் சொல்லும் குறையாகலாம். அப்போது நீங்களும் இதே சங்கத்திடம் விலக்கும் வசதியும் கேட்டு எழுதலாம். சங்கம் இருவருக்கும் வழி தேட வேண்டும். இரண்டு மின்தூக்கிகள் இருந்தால் உங்கள் மகன் பள்ளிக்குப் போகும் நேரத்தில் ஒன்றை நாய் இல்லாமல் வைத்துக்கொள்ள இரு வீட்டாரும் ஒத்துக்கொள்ளலாம். நடைபாதைக் காற்றுவடிகட்டியை உயர்தரமாக மாற்றலாம், பொதுத் தரைவிரிப்பை அடிக்கடி சுத்தம் செய்யச் சொல்லலாம். எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும் சட்டப்படி செல்லும். ஆனால் எழுத்தில் இருந்தால் யாரும் மறந்ததாகச் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை – புதன், காலை 10:30

இனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் காப்பீட்டு நிறுவனம் பிட்புல், ராட்வைலர் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. துணைப் பிராணி என்று சொல்லி அப்படி ஒன்று வந்தால்? குழந்தைகள் விளையாடும் இடம் அது. எனக்கு அதில் பயம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

சட்டப்பார்வை – புதன், காலை 11:15

இனத்தின் பெயரை மட்டும் வைத்து மறுக்க முடியாது. குறிப்பிட்ட அந்த நாய் மற்றவர்களின் பாதுகாப்புக்கு நேரடி அச்சுறுத்தலா என்பதுதான் கேள்வி. யாரையாவது கடித்திருக்கிறதா, விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் பதிவாகியிருக்கிறதா, பிடிவாரில் அடங்குகிறதா என்று அந்த நாயின் நடத்தையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கடித்த வரலாறு இருந்து, அந்த ஆபத்தைக் குறைக்க வேறு வழியும் இல்லையென்றால் மறுக்கலாம். காப்பீடு ரத்தாகும் என்று நிறுவனம் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 'சொன்னார்கள்' என்பது போதாது.

மரகதம் – புதன், பிற்பகல் 12:40

கணக்குப்பிள்ளை அண்ணா, குழந்தைகள் மேல் உங்களுக்குள்ள அக்கறை புரிகிறது. குரைக்கும் நாய், கட்டாமல் திரியும் நாய், மலத்தை அள்ளாமல் போகும் ஆள், இவற்றின் மேல் விதியைக் கடுமையாகவே வையுங்கள். நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன். துணைப் பிராணி வைத்திருப்பவர்களுக்கு இவற்றிலிருந்து எந்த விலக்கும் கிடையாது, கேட்கவும் கூடாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் பை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறப்போம்.

குயின்ஸ்வாசி – புதன், பிற்பகல் 2:00

விமானத்தில்கூட உணர்வுத் துணைப் பிராணியை ஏற்க வேண்டியதில்லை என்று 2021இல் மாற்றிவிட்டார்களே, வீட்டில் மட்டும் எப்படி?

சட்டப்பார்வை – புதன், பிற்பகல் 2:35

அது வேறு சட்டம், வேறு துறை. விமானத்துக்குப் போக்குவரத்துத் துறையின் விதி. கடை, உணவகம், மருத்துவமனை போன்ற பொது இடங்களுக்கு 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம். அங்கே குறிப்பிட்ட வேலைக்குப் பயிற்சி பெற்ற நாய்க்குத்தான் இடம். வீட்டுக்கு ஃபேர் ஹவுசிங் சட்டம். இங்கே பயிற்சி பெறாத துணைப் பிராணியும் அடங்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சங்கங்கள் வழக்கில் மாட்டிக்கொள்கின்றன. மத்திய அரசின் வீட்டுவசதித் துறை 2013இலும் 2020இலும் இதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. வழிகாட்டுதல்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறலாம். அதனால் எப்போதும் சட்டத்தின் வாசகத்தையும் தீர்ப்புகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் அந்தத் துறையிடம் புகார் செய்யலாம், இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்துக்கும் போகலாம். புகாருக்குக் கட்டணம் இல்லை.

வைகைக்கரை – வியாழன், இரவு 10:20

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். அல்டமான்டே வழக்கின் அந்த 1,27,512 டாலரைச் சொன்னதும் தலைவர் நிதானத்துக்கு வந்தார். முன்பணமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை என்று முடிவாயிற்று. கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. சிகிச்சையாளரின் உரிமம் மாநில இணையதளத்தில் நடப்பில் இருப்பதை மட்டும் சரிபார்த்துச் சொன்னேன். லேப்ரடாருக்கு அனுமதி.

முதல் மாடி இளைஞருக்கு மறுப்பு என்று எழுதிவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சான்றிதழ் பயனற்றது என்பதால் அவருக்குத் தேவை இல்லை என்று ஆகிவிடாதே. சரிதானே?

சட்டப்பார்வை – வியாழன், இரவு 10:45

மிகச் சரி. இணையப் பதிவு மட்டும் போதாது என்று ஃபுளோரிடாச் சட்டமே சொல்கிறது. ஆகவே 'இந்த ஆவணம் போதுமானதாக இல்லை. உங்களை நேரில் அறிந்த சிகிச்சையாளரிடமிருந்து கடிதம் தாருங்கள்' என்று எழுதி வாய்ப்புக் கொடுங்கள். வெளிமாநில மருத்துவர் என்றால் ஒருமுறையாவது நேரில் பார்த்துச் சிகிச்சை அளித்திருக்க வேண்டும். பொய்யான ஆவணம் கொடுப்பது இங்கே குற்றம். தண்டனையோடு 30 மணி நேரச் சமூகச் சேவையும் உண்டு. அதைத் தகவலாகத் தெரிவிக்கலாம், மிரட்டலாக எழுத வேண்டாம்.

வைகைக்கரை – வெள்ளி, காலை 8:15

பெண்மணிக்கான பதிலின் வரைவு:

'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. எடை வரம்பு இந்த நாய்க்குப் பொருந்தாது. கட்டணம் எதுவும் இல்லை. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் கவுண்டி உரிம நகலும் தாருங்கள். பொது இடங்களில் பிடிவாரில் வைத்திருக்கவும், கழிவை அகற்றவும் வேண்டுகிறோம். பொதுக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நாயை அழைத்து வர வேண்டாம்.'

கடைசி வரி தலைவர் சேர்க்கச் சொன்னது.

சட்டப்பார்வை – வெள்ளி, காலை 8:40

கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அவர் சாதாரணமாகப் போகும் இடங்களுக்கெல்லாம் அந்த நாயும் போகலாம். தோட்டமும் கூடமும் அதில் அடக்கம். மற்றவை சரியாக இருக்கின்றன. ஃபுளோரிடாவில் நான்கு மாதம் நிறைந்த நாய்க்குத் தடுப்பூசி எப்படியும் கட்டாயம்தான், அதைக் கேட்பதில் தவறில்லை.

வைகைக்கரை – வெள்ளி, மாலை 5:30

எடுத்துவிட்டேன். தலைவரும் ஒத்துக்கொண்டார். கடிதத்தை உறையில் போட்டு நானே அவர் வீட்டுக்கதவில் கொடுத்துவிட்டு வந்தேன். தென்றலுக்கு நீங்கள் சொன்ன காற்றுவடிகட்டி யோசனையையும் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறேன். எங்கள் கட்டடத்திலும் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் இருவர் இருக்கிறார்கள்.